அறுபது கார்டு உறைகளில் பதினேழு திரும்பி வந்தன: கைத்தையல் தோல் வேலையில் ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

வாணியம்பாடிக்கு அருகில் மூன்று பேர் வேலை செய்யும் சிறிய தோல் பட்டறை. நடத்துபவர் ஷூ கம்பெனியில் பல வருடம் கட்டிங் பார்த்தவர். தையலுக்கு இரண்டு பெண்கள். அவர்களில் மூத்தவர் ஷூ தொழிலில் அப்பர் (ஷூவின் மேல்பாகம்) தைத்தவர், இன்னொருவர் பட்டறையில்தான் கற்றுக்கொண்டார். பெல்ட், சாவி வளையம், நோட்டு உறை என்று சின்னச் சின்ன சாமான்களைக் கைத்தையலில் செய்து வந்தார்கள்.

பொங்கலுக்கு முன்பு சென்னை அலுவலகம் ஒன்றிலிருந்து 60 கார்டு உறைகளுக்கு ஆர்டர் வந்தது. முன்பக்கம் இரண்டு, பின்பக்கம் இரண்டு, நடுவில் ஒன்று என ஐந்து பைகள். மூலையில் அலுவலகச் சின்னம் அழுத்த வேண்டும். கொடுக்கப்பட்ட காலம் மூன்று வாரம்.

தோலைச் சென்னை பெரியமேட்டில் எடுத்தார்கள். சாயமும் பூச்சும் ஏறாத ஈ.ஐ. (ஈஸ்ட் இந்தியா) மாட்டுத் தோல், தடிமன் 1.3 மி.மீ. ஒரு காலத்தில் ஆவாரம் பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்ட வகை இது. இப்போது பெரும்பாலும் வாட்டில் என்ற மரத்தின் பட்டைச் சாறு போடுகிறார்கள். திண்டுக்கல், திருச்சி, ஈரோடு பக்கம் இந்த வேலை பரம்பரையாக நடக்கிறது. புவிசார் குறியீடும் உண்டு. ஷூவுக்குப் போகும், குரோமிய உப்பில் பதனிட்ட குரோம் தோலைவிட விறைப்பானது. ஈரப்படுத்தி அழுத்தினால் அச்சு நிற்கும், விளிம்பைத் தேய்த்தால் பளபளக்கும். கைவேலைக்கு நல்ல தேர்வு. தோலின் தரத்தில் குறை எதுவும் இல்லை என்பதை இங்கேயே சொல்லிவிடலாம்.

முதல் தடவை செய்த விதம்

அட்டை பேட்டர்ன் 96 × 76 மி.மீ. பின் பலகை இரண்டு. ஒவ்வொரு பலகையின் மேலும் இரண்டு பைத் துண்டுகள், ஒன்றின் வாய் கீழிருந்து 48 மி.மீ. உயரத்திலும் மற்றதன் வாய் 60 மி.மீ. உயரத்திலும். ஆறு துண்டுகளும் அதே 1.3 மி.மீ. தோல்தான், எதையும் சீவவில்லை. எல்லாவற்றையும் சொல்யூஷன் (பசை) தடவி ஒட்டி, விளிம்பிலிருந்து 4 மி.மீ. உள்ளே கவராயத்தால் கோடு இழுத்து, 3 மி.மீ. இடைவெளியில் பற்கள் உள்ள தையல் முள்ளை (தோலில் துளை வரிசை போடும் கருவி) அடித்து இறக்கினார்கள். நூல் 0.6 மி.மீ. மெழுகு பாலியெஸ்டர். சேடில் தையல், அதாவது ஒரே துளையில் இரு பக்கமிருந்தும் இரண்டு ஊசி போட்டுத் தைப்பது. விளிம்பை உப்புத்தாளால் தேய்த்து, தேன்மெழுகு பூசி, அதன்மேல் எட்ஜ் பெயின்ட் (விளிம்புக்கான பூச்சு).

சின்னம் அழுத்தும்போதே முதல் பிரச்சினை வந்தது. ஈரத் துணியால் துடைத்து பித்தளை அச்சை அழுத்திய ஒன்பது துண்டுகளில், மறுநாள் காலையில் மிளகளவில் கருநீலப் புள்ளிகள் இருந்தன. தோலில் பூஞ்சை என்று நினைத்து அவற்றை ஒதுக்கிவிட்டு வேறு துண்டு வெட்டினார்கள். காலம் நெருக்கியதால் காரணத்தைத் தேடவில்லை. அறுபதும் சொன்ன நாளில் போய்ச் சேர்ந்தன.

திரும்பி வந்தவை

பிப்ரவரி நடுவில் தொடங்கி மார்ச் முடிவதற்குள் 17 உறைகள் திரும்பின. 11-ல் பை வாயின் ஓரத்தில் தையல் வரிசையோடு தோல் கிழிந்திருந்தது. நான்கில் எட்ஜ் பெயின்ட் படலமாக உரிந்திருந்தது. இரண்டில் பை அகன்று, தலைகீழாகப் பிடித்தால் கார்டு வழுக்கி விழுந்தது.

நடத்துபவர் முதலில் எடுத்த முடிவு நூலை மாற்றுவது. 0.6 போதவில்லை, 1.0 போடுவோம் என்று கிழிந்தவற்றில் ஐந்தைப் பிரித்து, துளைகளைக் குத்தூசியால் பெரிதாக்கித் தடித்த நூலில் தைத்து அனுப்பினார். மூன்று வாரத்தில் அந்த ஐந்தில் இரண்டு மறுபடியும் வந்தன, முன்பைவிட மோசமான கிழிசலோடு.

அந்த இரண்டையும் பிரித்தபோது மூத்த தையல்காரர் சொன்ன ஒரு வரிதான் வழியைத் திருப்பியது: “அண்ணா, நூல் எங்கயும் அறுபடல. தோலுதான் கிழிஞ்சிருக்கு, பாருங்க.”

தையல் விட்டுப்போனது என்று வாடிக்கையாளர் சொன்னால் பட்டறையில் எல்லோரும் நூலைத்தான் பார்ப்பார்கள். நூல் அறுந்தால் முனை பஞ்சுபோல் பிரிந்திருக்கும், பக்கத்துத் துளைகள் முழுதாக இருக்கும். தோல் கிழிந்தால் நூல் முழுதாகத் தொங்கும், துளைகள் ஒன்றோடொன்று சேர்ந்து ஒரே பிளவாகி இருக்கும். இரண்டும் வெவ்வேறு நோய்கள். இரண்டாவதற்குத் தடித்த நூல் போடுவது துளையை இன்னும் பெரிதாக்கி நோயை வளர்க்கும்.

ஏப்ரலில் செய்த ஆய்வு

திரும்பி வந்த உறைகளில் சிலவற்றை முழுசாகப் பிரித்து, ஒவ்வோர் அடுக்காக அளந்தார்கள். அளக்க வெர்னியர், உருப்பெருக்கிக் கண்ணாடி, கொக்கித் தராசு. வேறு எதுவும் தேவைப்படவில்லை.

அடுக்கின் கனம். பக்கவாட்டு விளிம்பில் ஆறு துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று: 7.8 மி.மீ. தையல் முள்ளின் பல் நுனியில் மெலிந்தும் அடியில் அகன்றும் இருக்கும். அதை 7.8 மி.மீ. ஊடுருவும்படி அடித்தால், பின்புறம் நுனி எட்டிப் பார்க்கும் நேரத்தில் முன்புறத் தோலில் பல்லின் அடிப்பகுதி இறங்கியிருக்கும். முன்புறக் கீறல்கள் 2.1 மி.மீ. வரை நீண்டிருந்தன. துளைக்குத் துளை 3 மி.மீ. என்றால் நடுவில் எஞ்சிய தோல் 1 மி.மீ.க்கும் குறைவு. அவர்களிடம் இருந்த முள்ளில் பல்லின் சரிவும் குறைவு. கீறல்கள் சாய்ந்து விழாமல் ஏறக்குறைய ஒரே கோட்டில் விழுந்தன. தபால்தலைத் தாளில் கிழிப்பதற்காகப் போட்ட துளை வரிசை மாதிரி ஆகிவிட்டது. போதாததற்கு, கனத்த அடுக்கில் சிக்கிய முள்ளை இடமும் வலமும் ஆட்டி எடுத்திருக்கிறார்கள். ஒவ்வோர் ஆட்டலும் கீறலின் இரு முனைகளையும் நீட்டும்.

உள் அகலம். வங்கி அட்டையின் அளவு 85.6 × 54 மி.மீ., தடிமன் 0.76 மி.மீ. பேட்டர்ன் 96, இரண்டு பக்கமும் தையல் 4 மி.மீ. உள்ளே, மிச்சம் 88. ஓர் அட்டைக்கு 2.4 மி.மீ. தாராளம், அவ்வளவுதான். 1.3 மி.மீ. விறைப்புத் தோல் வளைந்துகொடுக்கவே அதில் பாதி போய்விடும். இரண்டு அட்டை சொருகினால் பையின் இரு ஓரங்களும் ஆப்பு வைத்ததுபோல் நெம்பப்படும். அந்த விசை முழுவதும் பை வாயில் இருக்கும் முதல் தையலில் விழுகிறது. கிழிசல்கள் எல்லாம் அங்கேயே தொடங்கியிருந்தது இதனால்தான்.

முதல் துளையின் இடம். கிழிந்த 11-ல் எட்டில், முதல் துளை பை வாயின் விளிம்பிலிருந்து 1 மி.மீ.க்குள் விழுந்திருந்தது. முள்ளைக் கீழ் மூலையிலிருந்து வரிசையாக அடித்துக்கொண்டே போனதால், வாய் வரும் இடத்தில் துளை எங்கே விழுகிறதோ அங்கே விழுந்தது. விளிம்புக்கு மேலே நூலைச் சுற்றிப் பிடித்த இரட்டைத் தையலும் இல்லை.

வெட்டிய இடம். இது கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியது. ஒரு தோலில் முதுகுப் பகுதி இறுக்கமானது. வயிறும் கால் இடுக்கும் தளர்ந்தவை, விரலால் உள்நோக்கி மடித்தால் மேற்புறத்தில் சுருக்கம் குழாய்போல் எழும். முதுகெலும்புக்கு இணையான திசையில் தோல் குறைவாக நீளும், குறுக்கே அதிகம் நீளும். ஷூ கட்டிங்கில் முன்பகுதியை முதுகிலும், நாக்கு, உள் ஒட்டு போன்ற மறைவான துண்டுகளை வயிற்றிலும் எடுப்பார்கள். சதுர அடிக்குக் காசு கொடுத்து வாங்கும் தோலில் அது சரியான சிக்கனம். அந்தப் பழக்கத்திலேயே இங்கேயும் பின் பலகைகள் முதுகிலிருந்தும், உள்ளே மறையும் பைகள் வயிற்றிலிருந்தும் வெட்டப்பட்டன. ஆனால் கார்டு உறையில் பின் பலகைக்கு வேலையே இல்லை. தினமும் இழுபடுவது பைத் துண்டுதான். கார்டு வழுக்கி விழுந்த இரண்டு உறைகளிலும் பை வாய், தோல் அதிகம் நீளும் திசையில் வெட்டப்பட்டிருந்தது.

ஒட்டும் பெயின்டும். பைகளை ஒட்டியது பின் பலகையின் பளபளப்பான மேற்புறத்தில். அந்த ஓரத்தை உப்புத்தாளால் சொரசொரப்பாக்கவில்லை. சொல்யூஷன் படலமாக அப்படியே உரிந்து வந்தது. ஒட்டு விட்டதும் மொத்த இழுப்பும் தையலுக்கு வந்துவிடுகிறது. எட்ஜ் பெயின்ட் உரிந்த காரணம் எளிது: மெழுகுக்கு மேல் பெயின்ட் பிடிக்காது. மெழுகு தேய்த்த விளிம்பு அல்லது பெயின்ட் அடித்த விளிம்பு, இரண்டில் ஒன்றுதான்.

கருநீலப் புள்ளிகள். ஒதுக்கிவைத்த ஒன்பது துண்டுகளைக் கண்ணாடியில் பார்த்தபோது, பல புள்ளிகளின் நடுவில் ஊசிமுனையளவு இரும்புத் துகள் இருந்தது. உளி தீட்டும் கல் அதே மேசையில், தோல் நனைக்கும் இடத்திலிருந்து ஒரு முழம் தள்ளி. பட்டைச் சாற்றில் பதனிட்ட தோலில் டானின் என்ற துவர்ப்புப் பொருள் நிறைய இருக்கும். ஈரத்தில் இரும்பு பட்டால் கருக்கும். கடுக்காயும் அன்னபேதி என்ற இரும்பு உப்பும் சேர்த்து மை காய்ச்சியது இதே வினையை வைத்துத்தான். பூஞ்சையாக இருந்தால் துணியால் துடைத்தவுடன் கொஞ்சமாவது வரும். இது தோலுக்குள்ளேயே உண்டான நிறம், துடைத்தால் அசையாது.

நூலா, துளையா: ஒரு சோதனை

முடிவு எடுப்பதற்கு முன் ஒரே தோலில், ஒரே திசையில் வெட்டிய பட்டைகளை வைத்துச் சோதித்தார்கள். முதல் ஜோடியில் முள்ளை அடிவரை இறக்கித் துளையிட்டு 0.6 நூலில் தையல். இரண்டாவதில் முள்ளை லேசாகத் தட்டி அடையாளம் மட்டும் வைத்து, மிச்சத்தைக் குத்தூசியால் துளைத்து அதே 0.6 நூல். மூன்றாவதில் முதல் வகைத் துளையைப் பெரிதாக்கி 1.0 நூல். ஒரு முனையைக் கிளாம்பில் இறுக்கி, மறுமுனையைக் கொக்கித் தராசில் மாட்டி இழுத்தார்கள். மூன்றாவதுதான் முதலில் போனது. அடுத்து முதலாவது. இரண்டாவது மற்ற இரண்டையும்விடத் தெளிவாக அதிக எடை தாங்கியது. மூன்றிலும் கிழிந்தது தோல். ஒன்றில்கூட நூல் அறவில்லை. 0.6 நூல் போதுமானது என்று இதோடு முடிவானது.

எடுத்த முடிவுகளும் காரணமும்

அகலத்தை 100 மி.மீ. ஆக்கி, தையலை விளிம்பிலிருந்து 3 மி.மீ.க்குக் கொண்டுவந்தார்கள். உள் அகலம் 94, அட்டைக்கு 8.4 மி.மீ. தாராளம். உயரம் 76-லேயே இருந்தது.

பைத் தோலை 0.8 மி.மீ.க்குக் குறைத்தார்கள். ஸ்ப்ளிட்டிங் மெஷின் (தோலைக் கனம் குறைய அடுக்காகப் பிளக்கும் இயந்திரம்) வைத்து ஜாப்-ஒர்க் செய்பவரிடம் கொடுத்து உட்புறத்தை எடுத்தார்கள். 0.5 வரை போகலாம் என்று ஒரு யோசனை வந்தது. ஏற்கவில்லை, அது சரியே. தோலின் பலம் அடிப்பகுதியில் பின்னிக் கிடக்கும் தடித்த நாரில் இருக்கிறது, மேற்புறப் படலத்தில் இல்லை. அளவுக்குமேல் உட்புறத்தை எடுத்தால் அழகான, பலமில்லாத தோல் மிஞ்சும். பின் பலகை 1.2 மி.மீ.

மேல் பையை ‘T’ வடிவில் வெட்டினார்கள். இதுதான் கனத்தை அதிகம் குறைத்தது. மேல் பையின் வாய் 60 மி.மீ. உயரத்தில். அங்கிருந்து 14 மி.மீ. கீழ்வரை மட்டும் முழு 100 மி.மீ. அகலம், அந்த இரண்டு இறக்கைகள்தான் பக்கத் தையலில் சிக்கும். அதற்குக் கீழே அகலம் 90 மி.மீ.; பக்கத் தையலைத் தொடாது. அடிப்பாகம் பலகையின் கீழ்விளிம்பிலிருந்து 15 மி.மீ. உயரத்தில் ஒரு குறுக்குத் தையலால் பலகையோடு நிற்கும். அட்டை அதன்மேல் உட்காரும். இறக்கையின் கீழ் ஓரம் முன் பையின் (48 மி.மீ. உயரத்தில் வாய் உள்ளது) வாய்க்குள் 2 மி.மீ. நுழைந்து மறையும். அந்த ஓரத்தை உளியால் தாள்போல் சீவ வேண்டும், இல்லாவிட்டால் அங்கே மட்டும் ஆறு அடுக்கு வரும். மற்ற இடமெல்லாம் நான்கு: இரண்டு 1.2, இரண்டு 0.8, கூட்டினால் 4.0 மி.மீ. முன்பு இருந்ததில் பாதி.

இரண்டு பாதிகளையும் தனித்தனியே துளையிட்டுப் பிறகு ஒட்டலாமே என்று இளையவர் கேட்டார். கனம் இன்னும் குறையும் என்பது உண்மை. ஆனால் இரண்டையும் வெளிப்புறத்திலிருந்து அடித்தால், சேர்க்கும்போது ஒரு பாதியின் சாய்வு எதிர்ப்பக்கம் விழும். கீறல்கள் பெருக்கல் குறிபோல் குறுக்கிட்டு நடுப்புள்ளியில் மட்டும் வழி இருக்கும். எதிர்ச்சாய்வு முள் தனியாக விற்கிறது. அது இல்லாமல் இதைச் செய்யக் கூடாது.

பைத் துண்டுகள் எல்லாம் முதுகுப் பகுதியில், வாய் விளிம்பு முதுகெலும்புக்கு இணையாக வரும்படி. வயிற்றுத் தோல் சாவி வளையத்துக்குப் போனது. விரயம் கூடியது, விலையில் ஏற்றிக்கொண்டார்கள்.

மாற்றிய செய்முறை

ஒட்டும் ஓரத்தில் 4 மி.மீ. அகலத்துக்கு மேற்புறத்தை 120 எண் உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி, சொல்யூஷனை இரண்டு பக்கமும் மெல்லிசாகத் தடவி, தொட்டால் கையில் ஒட்டாத பதத்துக்குச் சுமார் பத்து நிமிடம் காயவிட்டு அழுத்தினார்கள். ஈரமாக இருக்கும்போதே ஒட்டுவது பலரும் செய்யும் அவசரம். உள்ளே சிக்கிய கரைப்பான் வெளியேற வழியில்லாமல் ஒட்டு பல நாள் இளகியே கிடக்கும். அந்த வாடையை மூடிய அறையில் முகரக் கூடாது, ஜன்னல் திறந்திருக்க வேண்டும்.

துளையிடும்போது முதல் பல்லைப் பை வாயில் வைத்துத் தொடங்கினார்கள்: வாய் விளிம்பு இரண்டு துளைகளுக்கு நடுவில் விழும்படி, ஒரு துளை விளிம்புக்கு மேலே பலகையில், அடுத்தது விளிம்புக்குக் கீழே பையில். இரண்டு பைகளின் வாயும் 48, 60 என்று 12 மி.மீ. தள்ளி இருப்பதால், 3 மி.மீ. வரிசையில் ஒன்று சரியாக அமைந்தால் மற்றதும் தானாக அமையும். மீதி வித்தியாசத்தைக் கீழ் மூலையில் ஓரிரு துளைகளை அரை மி.மீ. நெருக்கியோ தள்ளியோ சரிக்கட்டினார்கள், கண்ணுக்குத் தெரியாது. புதிதாக வாங்கிய முள்ளில் சரிவு அதிகம். அதை நைலான் சுத்தியால் நுனி பின்புறம் லேசாகத் தெரியும்வரை மட்டும் தட்டி, ஆட்டாமல், தோலை ஒரு கட்டையால் அமுக்கிக்கொண்டு நேராக மேலே இழுத்தார்கள். பத்துப் பதினைந்து அடிக்கு ஒருமுறை பற்களைத் தேன்மெழுகில் குத்தி எடுத்தால் சிக்காது. பிறகு வைர வடிவ முனைக் குத்தூசி, பல்லின் அதே சாய்வில்.

தைக்கும் மூன்று பக்க விளிம்பின் நீளம் 252 மி.மீ. அதன் நான்கு மடங்கு நூல், இரண்டு ஊசிக்கும் வால் சேர்த்து 1.2 மீட்டர். ஒவ்வொரு பை வாயிலும் அந்த ஒரு தையலை மட்டும் இரண்டு முறை போட்டார்கள். இரண்டாவது ஊசி நுழையும்போது முதல் நூலைப் பின்னால் இழுத்துப் பிடித்தால் ஊசி நூலைக் குத்தாது. குத்தினால் பிறகு இறுக்கவே முடியாது. முடிவில் மூன்று தையல் பின்னோக்கி வந்து, நூலை 2 மி.மீ. விட்டு வெட்டி, தீயில் உருக்கி அழுத்தினார்கள். விளிம்பில் பெயின்ட் இல்லை. 220, 400, 800 உப்புத்தாளில் வரிசையாகத் தேய்த்து, சிறிது நீர் தொட்டு மரக்கட்டையால் சூடேற உரசி, கடைசியில் மெழுகு.

தீட்டுக்கல் வேறு மேசைக்குப் போனது. அச்சு அழுத்தும் இடத்தில் இரும்புப் பாத்திரம், இரும்புத் தகடு கூடாது. ஒதுக்கிவைத்த ஒன்பது துண்டுகளில், அரை லிட்டர் நீரில் ஒரு டீஸ்பூன் ஆக்சாலிக் அமிலம் கரைத்துத் துண்டு முழுவதையும் ஒரே சீராகத் துடைத்து, பிறகு சுத்த நீரால் பலமுறை துடைத்தார்கள். அது விஷம், கையுறை அவசியம், சமையல் பாத்திரத்தில் கரைக்கவே கூடாது. ஆறில் கறை மறைந்தது. மூன்றில் சாம்பல் நிழல் தங்கிவிட்டது; அவற்றைக் கரும்பழுப்புச் சாயத்தில் முக்கி வேறு சாமானுக்கு வைத்துக்கொண்டார்கள்.

பின்விளைவு

முதலில் ஆறு உறைகள் மட்டும் செய்து, தினமும் பேருந்திலும் கடையிலும் எடுத்துப் போடும் ஆட்களிடம் கொடுத்து ஆறு வாரம் பயன்படுத்தச் சொன்னார்கள். ஒவ்வொரு பையிலும் இரண்டு அட்டை வைக்க வேண்டும் என்பது நிபந்தனை. கிழிசல் எதிலும் இல்லை. வேறொரு குறை தெரிந்தது: T பையின் அடித்தையல் இருக்கும் கோடு, முன் பையின் மேல் வரப்புபோல் எழும்பித் தெரிந்தது. அந்த ஓரத்தையும் 8 மி.மீ. அகலத்துக்குச் சரிவாகச் சீவியதும் அடங்கியது.

அதன்பிறகே 17-க்கும் பதிலாகப் புதிய உறைகள் போயின. பழுதாகாத மற்ற 43 பேருக்கும், கிழிந்தால் மாற்றித் தருவோம் என்று கடிதம் அனுப்பினார்கள். ஜூன் முடிவதற்குள் இன்னும் நான்கு வந்தன, அவையும் மாற்றப்பட்டன. புதியவற்றில் ஆண்டு இறுதிவரை ஒன்றுகூடத் திரும்பவில்லை. உறை ஒன்றுக்கு ஆகும் நேரம் முன்பு ஒரு மணி நேரத்துக்குள் இருந்தது, இப்போது ஏறக்குறைய ஒன்றரை மணி. அலுவலகம் அடுத்த ஆர்டரைப் புதிய விலையில் பேசித்தான் கொடுத்தது.

இனி மாற வேண்டியவை

முதல் உறையையே இரண்டு இரண்டு அட்டை சொருகிப் பார்த்திருந்தால், அகலம் போதாதது அன்று மாலையே தெரிந்திருக்கும். இப்போது எந்தப் புது பேட்டர்னுக்கும் ஒரே ஒரு மாதிரி தைத்து, அதில் வைக்கப்போகும் பொருளை நிறைய அளவில் வைத்து ஒரு வாரம் விட்ட பிறகே மற்றதை வெட்டுகிறார்கள். மூன்று வாரக் காலம் கேட்கும் ஆர்டருக்கு நான்கு வாரம் சொல்கிறார்கள்.

அட்டை பேட்டர்னிலேயே தோல் தடிமன், முதுகெலும்புத் திசைக்கு ஓர் அம்பு, முதல் துளையின் இடம் ஆகிய மூன்றும் குறிக்கப்பட்டிருக்கின்றன. திரும்பி வரும் சாமானைப் பிரிக்கும்முன் இரண்டு பக்கமும் படம் எடுத்து, நூல் அறுந்ததா, தோல் கிழிந்ததா, ஒட்டு விட்டதா என்று எழுதிவைக்கிறார்கள்.

இன்னும் தீராதது ஒன்று உண்டு. ஸ்ப்ளிட்டிங் மெஷினில் கொடுத்து வாங்கும் 0.8 மி.மீ. தோல் முழுத் துண்டிலும் ஒரே சீராக வருவதில்லை; ஓரங்களில் 0.7 வரை இறங்குகிறது. இப்போதைக்கு வெர்னியரால் நான்கு இடத்தில் அளந்து, 0.75-க்குக் கீழே உள்ள பகுதியைப் பைக்கு எடுக்காமல் விடுகிறார்கள்.